வாராத இயந்திரமும் பறவாத விமானமும்

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுவது வரலாறு. நிகழாததை நிகழ்ந்ததுபோற் கூறுவது கதை. இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவதொரு நெறியும் உண்டு. ‘இன்னதொன்று மட்டும் வேறாக நிகழ்ந்திருப்பின், பின் விளைவது யாதாயிருக்கும்?’ என்று வினவுவது அந்நெறி. அறிஞர் இவ்வினாவை ஏட்டில் எழுப்பி ஏட்டிலேயே விடை காண்பர். வேறு சிலரோ கத்தியும் பசையும் உப்புத்தாளும் கொண்டு மேசைமீது விடை காண்கின்றனர். அவ்விரண்டாம் வகையினரின் தொழிலைப் பற்றியும், அதனிற் புகுந்து யான் ஒருமுறை வழுக்கி வீழ்ந்து எழுந்ததைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கும் போர் விமானத்திற்கும் யாது தொடர்பு என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு என்பது போகப் போகப் புலனாகும்.

போர் விமானங்களைச் சிற்றுருவிற் சமைத்து வைத்தல் உலகெங்கும் பலர் கைக்கொண்டுள்ள பொழுதுபோக்கு. இதற்கு உயிராவது அளவு. ஒன்றுக்கு எழுபத்திரண்டு, அஃதாவது 1:72 என்னும் அளவு பெருவழக்கினது. மெய்யான விமானத்தின் 6 அடி இவ்வளவில் 1 அங்குலமாகும். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாய் நிற்பான். விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் இவ்விகிதத்திற் பிறழாது குறுக வேண்டும். ஓர் உறுப்பு விகிதம் பிறழினும் உரு பொய்த்துவிடும்.

இத்தொழிலிற் பெரும்பாலோர் உலகில் உள்ள விமானத்தையே உள்ளவாறு செய்வர். சிலர் மட்டும் இல்லாத விமானத்தைச் செய்வர். ஆங்கிலத்தில் இதனை ‘வாட் இஃப்’ மாதிரி என்பர். நாம் ‘இருந்திருப்பின்’ மாதிரி என்போம். கனடா நாட்டின் ‘ஆவ்ரோ ஆரோ’ என்னும் விமானம் 1958 ஆம் ஆண்டில் முதன்முறை பறந்தது. 1959 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் அரசாங்கம் அம்முயற்சியையே கைவிட்டது; பறந்த ஐந்து விமானங்களும் துண்டு துண்டாக வெட்டப்பட்டன. இங்கிலாந்தின் ‘டி.எஸ்.ஆர். 2’ என்பது 1964 ஆம் ஆண்டு செப்டம்பரில் எழுந்து, 1965 ஆம் ஆண்டு ஏப்ரலிற் கைவிடப்பட்டது. அவ்வகையிற் பறந்தது ஒன்றே. இவையிரண்டும் படையிற் சேர்ந்திருப்பின் எவ்வாறு தோன்றியிருக்கும் என்று ஆய்ந்து, படைப்பிரிவுகளின் வண்ணமும் குறியும் பூண்டனவாக அவற்றைச் செய்து மகிழ்வோர் இன்றும் பலர்.

இவற்றைக் காணுந்தோறும் எனக்கு நம் அணியிலக்கணமே நினைவிற்கு வரும். தண்டியலங்காரம் உவமையை வகுக்குமிடத்து அபூத உவமை என்றும் கூடா உவமை என்றும் இரண்டனை வேறு பிரித்துக் கூறுகின்றது. ஏழு கடலின் முத்தொளியும் ஓரிடத்தே திரண்டாற்போன்ற நகை என்பேமாயின் அஃது அபூதம். முத்து உண்டு, ஒளி உண்டு, திரள்தலும் உலகில் உண்டு, அவ்வாறு திரண்டதொன்றுதான் இல்லை. பனிக்கட்டி சுட்டாற்போல என்பேமாயின் அது கூடா உவமை. பனியின் இயல்பிலேயே சுடுதல் இல்லை. நல்ல ‘இருந்திருப்பின்’ மாதிரி முன்னையதன் இனம். அதன் உறுப்பெல்லாம் உள்பொருள். கூட்டம் ஒன்றே இல்பொருள். தீய மாதிரியோ முயற்கொம்பின் இனம். இவ்வேறுபாட்டை ஏட்டிற் கற்று எழுதி மதிப்பெண்ணும் பெற்ற யான், கைத்தொழிலில் அதனை மறந்தேன்.

நிற்க. யான் எடுத்துக்கொண்டது நம் நாட்டு விமானமாகிய ‘எச்.எப். 24 மாருத்’ என்பது. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். ஒலியினும் இருமடங்கு வேகத்திற் செல்லவல்ல போர் விமானம் ஒன்றை நம் நாட்டிலேயே ஆக்கவேண்டும் என்று இந்திய விமானப்படை விரும்பிற்று. உலகப் புகழ் பெற்ற ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் 1956 ஆம் ஆண்டிற் பெங்களூர் வந்து அவ்வமைப்புப் பணியை மேற்கொண்டார். அமைப்பின் பறக்குந் தன்மையை அறிதற்பொருட்டு, இயந்திரமில்லாத முழு அளவு மரவிமானம் ஒன்று முதலிற் செய்யப்பட்டு, 1959 ஆம் ஆண்டு வேறொரு விமானத்தால் இழுத்துச் செல்லப்பட்டு விண்ணில் மிதந்தது. 1961 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மெய்யான மாருத்தை முதன்முறையாகச் செலுத்தினார். பயிற்சி விமானங்களையும் கூட்டி 147 மாருத்துகள் ஆக்கப்பட்டன. 1971 ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தானப் பாலைநிலத்தில் அவை பணியாற்றின. 1990 ஆம் ஆண்டளவில் படையினின்று விலக்கப்பட்டன.

இவ்வளவு பெருமை வாய்ந்த மாருத்திற்கு ஒரு குறை இருந்தது. உடல் அமைந்தது, அதற்கேற்ற இயந்திரம் வாய்க்கவில்லை. ‘ஆர்ஃபியஸ் 12’ என்னும் ஆங்கில இயந்திரம் இரண்டு பொருத்தப்படும் என்று எண்ணியே அவ்வுடல் அமைக்கப்பட்டது. அவ்வியந்திரத்தின் உந்துவிசை 6,810 பவுண்டு. வெளிச்செல்லும் சூடான காற்றினுள் மீண்டும் எண்ணெய் தெளித்து எரிக்கும் பின்னெரிப்பு முறையால் அது 8,170 பவுண்டாக உயரும். ஆயின் பிரிட்டனில் அதனை வேண்டுவாரில்லாது போகவே, அதன் ஆக்கச் செலவை இந்தியாவே தாங்க வேண்டும் என்றாயிற்று. இந்தியா தாங்க முன்வரவில்லை. இயந்திரம் பிறவாமலே மறைந்தது. கைக்கெட்டிய ‘ஆர்ஃபியஸ் 703’ இயந்திரங்களே மாருத்தில் வைக்கப்பட்டன. அவற்றின் விசை ஒவ்வொன்றிற்கும் 4,850 பவுண்டு, பின்னெரிப்பும் இல்லை. ஆகவே ஒலியின் இருமடங்கை நாடிப் பிறந்த விமானம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. எகிப்து நாட்டில் ஆக்கப்பெற்ற ‘இ 300’ என்னும் இயந்திரத்தையும் ஒரு மாருத்திற் பொருத்திப் பார்த்தனர். அம்முயற்சியும் 1969 ஆம் ஆண்டோடு முடிந்தது.

என் தாயின் தந்தையார் இளமையிற் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையிற் பொருத்துநராய் இருந்தவர். மாருத்தின் உடலில் தறையாணி அடித்த கை அவர் கை. ‘அந்த இயந்திரம் மட்டும் வந்திருந்தால்!’ என்று அவர் பெருமூச்செறிதலை யான் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றேன். எனவே, அவர் நெடுங்காலம் கண்ட கனவை ஒரு சாண் மரத்திற் செய்து அவர் கையிற் கொடுக்க விரும்பினேன்.

முதன்முறை செய்த மாதிரியை இப்பொழுது எண்ணினும் நாணம் வருகின்றது. வாலில் இரண்டு பெரிய குழாய்களை ஒட்டினேன். சிறகுகளின்கீழ் லேசர் ஒளியால் வழிகாட்டப்படும் குண்டுகளைத் தொங்கவிட்டேன். விமானியின் இருக்கைக்குக் கீழே, அவர் வீழ்த்திய பகை விமானங்களின் கணக்காக ஐந்து சிறு குறிகளை எழுதினேன். அடியில் ‘1965’ என்று பொறித்தேன். பெருமிதத்தோடு பாட்டனாரிடம் கொண்டு சென்றேன். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர், “இயந்திரம் பெரிதாயிற்று, சரி. அது குடிக்கிற எண்ணெயை எங்கே வைத்தாய், தம்பி?” என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். அவ்வொரு வினாவே எனக்கு இக்கலையின் இலக்கணம் முழுவதையும் திறந்து காட்டிற்று. யான் இயந்திரத்தை மாற்றினேனேயன்றி, அம்மாற்றத்தால் மாறவேண்டியவற்றை மாற்றினேனல்லேன். காரணத்தை மாற்றிவிட்டுக் காரியத்தைப் பழையபடியே விட்டேன். புணர்ச்சியில் நிலைமொழி ஈறு திரிந்தபின், வருமொழி முதலை நோக்காதவன் செய்யும் பிழைக்கு ஒப்பானது அது. இக்கலையின் முதல் விதியை அன்று அறிந்தேன்: மாற்றுவது ஒன்றாயிருத்தல் வேண்டும், அதன் விளைவுகள் அனைத்தையும் ஏற்றல் வேண்டும்.

இயந்திரம் பெரிதானால் மாறுவன யாவை? முதலாவது, காற்று. 4,850 பவுண்டிற்கும் 6,810 பவுண்டிற்கும் இடையே ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வேற்றுமை உண்டு. மிகுந்த விசைக்கு மிகுந்த காற்று வேண்டும். ஆதலின் விமானத்தின் இருபுறமும் உள்ள காற்றுவாய்கள் விரிய வேண்டும். மாதிரியில் ஒவ்வொரு வாயையும் 1 மில்லிமீட்டர் அகலப்படுத்தினேன். மெய்யில் அது 72 மில்லிமீட்டராகும். வாய் அகலவே அதனைத் தொடர்ந்த உடலின் தோளும் சிறிது புடைத்தது.

இரண்டாவது, வால். பின்னெரிப்பிற்கு நீண்ட குழாயும், வேண்டும்போது விரிந்து சுருங்கும் வாயும் தேவை. குழாயை மட்டும் வெளியே நீட்டினால் அது கொல்லனின் துருத்திபோல் தோன்றுமேயன்றி விமானமாய்த் தோன்றாது. குழாயைச் சூழ்ந்த உடலும் நீள வேண்டும். 6 மில்லிமீட்டர் நீட்டினேன். மெய்யில் 43 சென்டிமீட்டர். இரண்டு வாய்களுக்கும் இடைப்பட்ட பகுதி அகன்று தட்டையாய் முடிந்தால், அங்கே காற்றுச் சுழன்று விமானத்தைப் பின்னிழுக்கும். ஆகையால் அவ்விடைப்பகுதியை மீன்வாலின் நடுவெனக் கூர்ந்து முடியுமாறு இழைத்தேன்.

மூன்றாவது, நிறை. வாலிற் கனம் ஏறினால் விமானத்தின் நிறைமையம் பின்னே நகரும். இதனை எனக்கு அறிவித்தது நூலன்று, மாதிரியே. மூன்று சக்கரங்களின்மீது நிறுத்தியவுடன் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் அமர்ந்துவிட்டது! தூண்டிலிற் கட்டும் ஈயக்குண்டுகள் நான்கினை மூக்கினுள் வைத்து அடைத்த பின்னரே நேராக நின்றது. மெய்யான விமானத்திலும் வாலுக்குக் கனம் ஏற்றியவர் மூக்கிற்கு ஈடு செய்தே ஆகவேண்டும்.

நான்காவதாகப் பாட்டனார் வினவிய எண்ணெய். பின்னெரிப்பை இயக்குங்கால் எண்ணெய்ச் செலவு இருமடங்கிற்கு மேலும் பெருகும். உடலினுள்ளோ இடமில்லை. எனவே சிறகுகளின்கீழ் உள்ள நான்கு தொங்குமிடங்களுள் இரண்டனை எண்ணெய்க் கலங்களுக்கே கொடுத்தேன். அவ்வாறு கொடுக்கவே, முன்பு நான்கு குண்டுகள் தொங்கிய இடத்தில் இப்பொழுது இரண்டே எஞ்சின. வேகம் வேண்டுமென்று கேட்டவன் சுமையை இழந்தான். இவ்விழப்பை மாதிரியிற் காட்டாது மறைப்பவன் தன்னையும் காண்போரையும் ஒருங்கே ஏமாற்றுகின்றான்.

இனி, செய்யும் முறையைக் கூறுவேன், ஆர்வமுடையார்க்குப் பயன்படும். பெங்களூரில் கஸ்தூரிபா சாலையில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் மெய்யான மாருத் ஒன்று நிற்கின்றது. அங்கே ஒருநாள் முழுதும் இருந்து பல கோணங்களினின்றும் படம் வரைந்துகொண்டேன். விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், சிறகின் அகலம் 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். எழுபத்திரண்டால் வகுக்க, நீளம் 22 சென்டிமீட்டரும், சிறகு பன்னிரண்டரை சென்டிமீட்டரும், உயரம் 5 சென்டிமீட்டரும் ஆகும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் தோன்றும் மூன்று படங்களை இவ்வளவில் வரைதல் முதற்பணி.

அடுத்து, உடலின் குறுக்குவெட்டு வடிவங்களைக் கெட்டி அட்டையில் வெட்டிக்கொள்ள வேண்டும். இவை தையற்காரனின் அளவுத்தாள் போன்றன. பால்சா மரக்கட்டையைச் செதுக்குந்தோறும் இவ்வட்டைகளை அதன்மேல் வைத்து, இடைவெளி தோன்றாதவரை இழைத்தல் வேண்டும். சிறகுகளும் வாலும் மெல்லியனவாகையால் மரம் உதவாது. பிளாஸ்டிக் தகட்டையே வெட்டி, முன்விளிம்பை உருட்டியும் பின்விளிம்பைக் கூராக்கியும் கொள்ளவேண்டும். பொருத்துவாய்களிற் பட்டி தடவி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலிற் கரடான தாள், பின்னர் நுண்ணிய தாள், இறுதியில் நீர் நனைத்த மிக நுண்ணிய தாள் என்று மும்முறை தேய்த்தால் மரம் உலோகம்போல் வழுவழுப்பாகும்.

விமானியின் தலைக்குமேல் உள்ள கண்ணாடிக் கூட்டைச் செய்தல் அரிது என்பர். யான் கண்ட எளிய வழி ஒன்று உண்டு. கூட்டின் வடிவில் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி, குடிநீர் அடைத்து விற்கும் தெளிந்த பிளாஸ்டிக் புட்டியினுள் அதனை நுழைத்து, வெளியினின்று சூடு காட்டினால், புட்டி சுருங்கி மரத்தை இறுகத் தழுவிக்கொள்ளும். ஆறியபின் வெட்டி எடுத்தால் கண்ணாடிக் கூடு ஆயத்தம். இரண்டு புட்டிகளைக் கருக்கினேன், மூன்றாவதில் கைகூடிற்று.

வண்ணம் தீட்டுமிடத்தே காலம் என்னும் விதி வந்து குறுக்கிடுகின்றது. ‘உன் விமானம் எந்த ஆண்டினது?’ என்ற வினாவிற்கு விடை கூறாது தூரிகையைத் தொடலாகாது. என் முதல் மாதிரியில் 1965 என்று எழுதி, லேசர் குண்டைத் தொங்கவிட்டேனன்றோ? அவ்வகைக் குண்டு போரில் முதன்முறை வீசப்பட்டது 1968 ஆம் ஆண்டு வியத்நாமில். பிறவாத பிள்ளைக்குப் பெயரிட்டேன். இரண்டாம் மாதிரியை 1971 ஆம் ஆண்டினதாகக் கொண்டேன். மேற்புறம் கரும்பச்சையும் சாம்பல் நிறமும். சிறகிற் காவி, வெண்மை, பச்சை என்னும் மூவண்ண வட்டம், பச்சை நடுவிலும் காவி புறத்திலுமாக. மாருத் மெய்யாகவே தாங்கிய 30 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் நான்கும் தத்தம் இடத்திலேயே இருந்தன. யான் மாற்றாத ஒவ்வொன்றும் மெய்யாயிருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

இறுதியாகக் கூறப்போவது கைத்தொழிலைச் சேர்ந்ததன்று. எனினும் எல்லாவற்றினும் எனக்கு முக்கியமாகப் பட்டது. மாருத்தை முதன்முதலிற் செலுத்திய சுரஞ்சன் தாஸ், 1970 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள், பின்னெரிப்பு இயந்திரம் பொருத்திய சோதனை மாருத்தைச் செலுத்தியபோது விபத்தில் உயிர் நீத்தார். யான் குழாயை ஒட்டிச் சிவப்பு வண்ணம் பூசி ஒரு மாலைப்பொழுதில் முடித்த அம்மாற்றத்தை, மெய்யாகச் செய்ய முயன்றவர் தம் உயிரையே கொடுத்திருந்தார். இதனைப் படித்த இரவு என் முதல் மாதிரியை எடுத்துப் பார்த்தேன். இருக்கைக்கீழ் எழுதிய ஐந்து குறிகளும் என்னை நோக்கின. ஒவ்வொரு குறியும் ஒரு விமானம். அதனுள் ஒரு மனிதன். நடவாத போரில், பிறவாத வெற்றிக்காக, ஐவரைக் கொன்று கணக்கெழுதியிருந்தேன். உப்புத்தாளை எடுத்து அவற்றைத் தேய்த்துவிட்டேன். இரண்டாம் மாதிரியில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கின்றது. இயந்திரம் வந்திருப்பின் விமானம் எவ்வாறிருக்கும் என்று ஊகிக்கும் உரிமை நமக்கு உண்டு. எவர் இறந்திருப்பர் என்று விளையாட்டாய் எழுதும் உரிமை இல்லை என்று கருதுகின்றேன்.

ஊகத்திற்கும் எல்லை உண்டு. ‘இவ்வியந்திரம் வந்திருப்பின் இந்தியா 1962 ஆம் ஆண்டில் ருஷிய மிக் 21 விமானத்தை நாடியிராது, நம் விமானத் தொழிலே வேறாய் வளர்ந்திருக்கும்’ என்று கூறுவாருளர். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு சாண் மரம் அதற்கு விடை கூறாது. அது கூறுவது ஒன்றே: அவ்வியந்திரம் வந்திருப்பினும், காற்றுவாயும் வாலும் நிறையும் எண்ணெயும் ஒவ்வொன்றாய்த் தத்தம் விலையைக் கேட்டிருக்கும். ‘அது மட்டும் வந்திருந்தால்’ என்பதில் ‘மட்டும்’ என்ற சொல் பொய். உலகில் எதுவும் தான்மட்டும் வருவதில்லை. தன் சுற்றத்தையும் உடன் அழைத்தே வருகின்றது. வாழ்விலும் ‘அது மட்டும் நடந்திருந்தால்’ என்று ஏங்குவோர்க்கு இம்மரத்துண்டு ஒரு நல்லாசிரியன் என்பேன்.

இரண்டாம் மாதிரியைப் பாட்டனாரிடம் கொடுத்தேன். அவர் முதலில் வாலைத் தடவினார், பின்பு காற்றுவாயை, பின்பு எண்ணெய்க் கலங்களை விரலால் எண்ணினார். கூர்ந்த வாலின் நடுப்பகுதியை ஒரு நிமிடம் பார்த்தார். “எண்ணெய் இன்னும் போதாது, தம்பி,” என்றார். பின்னர்ச் சிரித்து, “எங்களுக்கும் அதே தொல்லைதான் வந்திருக்கும்,” என்று கூறி, அதனைத் தம் படுக்கையருகே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ‘அந்த இயந்திரம் மட்டும்’ என்று பெருமூச்செறிந்ததை யான் கேட்டிலேன். அதற்கு மாறாக, உள்ளபடி பறந்த மாருத்தைப் பற்றியே, தாம் அடித்த ஆணியும் தம் தோழர் இழைத்த தகடும் விண்ணேறிய நாட்களைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றார்.

தோழர்காள்! நம் விடுதி அறைகளில் ஓய்வு நேரம் குறைவன்று. ஒரு கத்தி, ஓர் உப்புத்தாள், ஒரு மரக்கட்டை, ஒரு வினா, இவையே இத்தொழிற்கு மூலதனம். வினாவை எழுப்புதல் எளிது. அதன் விளைவுகளோடு இறுதிவரை நடத்தலே அரிது. முயன்று பாருங்கள். உங்கள் மாதிரி வாலில் உட்காருமாயின் வருந்தற்க. அது உங்களுக்கு ஏதோ கூற விரும்புகின்றது.